கணக்குப்பிள்ளை கடை நடத்த மாட்டார்

ஒரு காலத்தில் துபாயில் இருந்தோ சிங்கப்பூரில் இருந்தோ பிள்ளை லீவுக்கு வந்தால் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பது தெருவுக்கே தெரியும். கோடாலித் தைலம், டார்ச் லைட், சென்ட் பாட்டில், வசதி இருந்தால் ஒரு டேப் ரெக்கார்டர். இப்போது அந்தப் பெட்டியில் தைலத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஃபிட்னஸ் பேண்ட். (காலில் போடுகிற பேண்ட் இல்லை, கையில் கட்டுகிற பேண்ட்.) அப்பாவுக்குக் கறுப்பு, அம்மாவுக்கு ஊதா. "டெய்லி பத்தாயிரம் ஸ்டெப் நடக்கணும், சரியாப்பா? நான் அங்கேருந்தே ஆப்ல பார்த்துக்குவேன்" என்று ஒரு உத்தரவு. கட்டிவிட்டு ஒரு போட்டோ. அது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில். அதற்கு இருபது கட்டைவிரல். கடமை முடிந்தது.

முடிந்ததா?

இந்த "முடிந்தது" என்கிற திருப்திதான் பிரச்சினையே. பேண்ட் மேல் யாருக்கும் பகை கிடையாது. அது தன் வேலையை ஓரளவு ஒழுங்காகத்தான் செய்கிறது. ஆனால் அதன் வேலை கணக்கு எழுதுவது. பி.காம் முதல் வருஷம், முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்: நடந்த வியாபாரத்தைப் பேரேட்டில் ஏற்றலாம், பேரேடு வியாபாரம் செய்யாது. வயதானவர்களின் வீட்டு உடற்பயிற்சி விஷயத்தில் கணக்குப்பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, கடை தானாக நடக்கும் என்று எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள். அதிலும் கொடுமை, கடையின் முக்கியமான சரக்கு எதுவோ அதன் கணக்கை அந்தக் கணக்குப்பிள்ளை எழுதுவதே இல்லை.

கொஞ்சம் விவரமாகப் பார்த்தால் புரியும்.

பத்தாயிரம் யார் சொன்னது?

முதலில் அந்தப் பத்தாயிரம். டாக்டர்கள் கூடி முடிவு செய்ததா? உலக சுகாதார நிறுவனம் சொன்னதா? இரண்டும் இல்லை. 1964ல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது. ஜப்பானில் உடற்பயிற்சி மோகம் பிடித்த நேரம். அடுத்த வருஷமே, 1965ல், யமாசா என்ற ஜப்பானியக் கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு ஸ்டெப் கருவியை விற்பனைக்கு விட்டது. அதற்கு வைத்த பெயர் 'மான்போ-கே'. மான் என்றால் பத்தாயிரம், போ என்றால் காலடி, கே என்றால் அளக்கும் கருவி. பத்தாயிரம் காலடிமானி. அவ்வளவுதான். ஒரு பொருளுக்கு வைத்த பெயர், அறுபது வருஷம் கழித்து மருத்துவ உண்மை மாதிரி உலகம் முழுக்க மணிக்கட்டுகளில் மின்னிக்கொண்டிருக்கிறது. மார்க்கெட்டிங் பேப்பருக்கு இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி கிடைக்காது.

சரி, பெயர் எப்படி வந்தால் என்ன, எண் சரியாக இருக்கலாம் இல்லையா? அதையும் பார்த்துவிட்டார்கள். 2019ல் ஐ-மின் லீ என்ற ஹார்வர்டு ஆய்வாளரின் குழு, அமெரிக்காவில் 16,741 பெண்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. அந்தப் பெண்களின் சராசரி வயது 72. ஒரு நாளைக்குச் சுமார் 2,700 ஸ்டெப் நடந்தவர்களோடு ஒப்பிட்டால், சுமார் 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500 வாக்கில் அந்தப் பலன் சமமாகி நின்றுவிட்டது. அதற்கு மேல் நடந்தால் கூடுதல் லாபம் தெரியவில்லை. 2022ல் 15 ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு ஆய்விலும் கிட்டத்தட்ட இதே கதைதான்: 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 ஸ்டெப் வாக்கில் பலன் நிலைபெற்றுவிடுகிறது.

(இவை கவனித்து எழுதிய ஆய்வுகள். நடந்ததால்தான் ஆயுள் கூடியது என்று இவை நிரூபிக்கவில்லை. ஆரோக்கியமாக இருப்பவர்தான் அதிகம் நடப்பார் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பத்தாயிரம் என்பது வேத வாக்கு இல்லை என்பதற்கு இது போதும்.)

இப்போது 74 வயதில், முட்டி வலியோடு, வீட்டைச் சுற்றியும் கோவிலுக்கும் போய் 4,500 ஸ்டெப் நடந்து வந்த ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். அவருக்குக் கை தட்ட வேண்டும். பேண்ட் என்ன சொல்கிறது? இலக்கில் பாதிகூட இல்லை என்று ஓர் அரை வட்டத்தைக் காட்டுகிறது. தினமும் சாயங்காலம் ஃபெயில் மார்க். பத்து நாள் ஃபெயில் ஆனால் யாராக இருந்தாலும் பரீட்சை எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். காலேஜ் பையன்களுக்குத் தெரியாதா என்ன!

பேண்டுக்குத் தெரியாத பாதி

எண் தப்பு என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. இலக்கை 5,000 என்று மாற்றிவிட்டுப் போய்விடலாம். அதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று விஷயங்கள் சொல்லியிருக்கிறது. ஒன்று, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடை போன்ற மிதமான பயிற்சி. இரண்டு, வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. மூன்று, வாரத்தில் குறைந்தது 3 நாள் உடல் சமநிலையையும் வலுவையும் சேர்த்துப் பழக்கும் பயிற்சி. மூன்றாவது எதற்கு? கீழே விழாமல் இருப்பதற்கு.

விழுவது என்றால் சின்ன விஷயம் இல்லை. உலகம் முழுவதும் வருஷத்துக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் அதிகம் பாதிக்கப்படுவது 60 வயதைத் தாண்டியவர்கள். பாத்ரூமில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து, அதற்குப் பிறகு கட்டிலை விட்டு எழுந்திருக்காத தாத்தா, பாட்டி இல்லாத தெரு உண்டா? உயிர் போகாவிட்டாலும், ஒரு முறை விழுந்தவருக்கு வருகிற பயம் தனி. மாடிப்படி ஏற மாட்டார். வாசல் தாண்ட மாட்டார். நடை குறையும், கால் மெலியும், மறுபடி விழுவார். இது ஒரு வட்டம்.

இப்போது பேண்டுக்கு வாருங்கள். அதற்குள் இருப்பது அசைவை உணரும் ஒரு சின்ன சென்சார். கை முன்னும் பின்னும் ஒரே தாளத்தில் ஆடினால் "ஸ்டெப்" என்று எண்ணும். உலக சுகாதார நிறுவனம் சொன்ன மூன்றில் அது ஒழுங்காகக் கணக்கு வைப்பது முதல் ஒன்றை மட்டும்தான். நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். தொடை நடுங்கும், மூச்சு வாங்கும். பேண்டின் ஸ்டெப் கணக்கில் அது அநேகமாகப் பூஜ்யம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். பூஜ்யம். குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். அதே பூஜ்யம்.

சில பேண்டுகளில் "ஸ்ட்ரெங்த்" என்று தனியாக ஒரு பட்டன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மெனுவுக்குள் மெனு போய், ஆங்கிலத்தில் தேடி, கண்ணாடி போட்டுக்கொண்டு, விரல் நகத்தளவு எழுத்தைத் தொட்டு, முடிந்ததும் மறக்காமல் நிறுத்த வேண்டும். 75 வயதுக்காரர் செய்வாரா? அப்படியே செய்தாலும் அது பதிவது எத்தனை நிமிஷம் என்பதைத்தான். முட்டியை மடக்கினாரா, சும்மா நின்றாரா என்று அதற்குத் தெரியாது.

இன்னொரு வேடிக்கை. யாருக்கு இந்தக் கணக்கு ரொம்ப அவசியமோ அவர்களைத்தான் பேண்ட் அதிகம் ஏமாற்றுகிறது. மெதுவாகக் காலை இழுத்து நடப்பவர், கைத்தடி ஊன்றுபவர், வாக்கரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிறவர், இவர்களின் கை ஆடாது. கை ஆடாவிட்டால் ஸ்டெப் விழாது. கூடம் முழுக்க வாக்கரோடு ஐந்து சுற்று வந்தவருக்கு மணிக்கட்டு காட்டுவது நடந்ததில் ஒரு பகுதிதான். உழைத்தவனுக்குக் கூலி இல்லை, கையை ஆட்டினவனுக்கு போனஸ்!

நடந்தால் விழ மாட்டார்களா?

"நடந்தாலே கால் பலமாகிவிடும், தனியாக எதற்கு இதெல்லாம்?" என்பது அடுத்த கேள்வி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

2019ல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பு, வீழ்ச்சியைத் தடுக்கும் பயிற்சிகளைப் பற்றி 108 ஆய்வுகளை அலசியது. மொத்தம் 23,407 பேர், எல்லோரும் 60 வயதும் அதற்கு மேலும். பயிற்சி என்று பொதுவாக எடுத்துக்கொண்டால் விழும் விகிதம் 23 சதவீதம் குறைகிறது. சமநிலைப் பயிற்சியோடு தசை வலுவூட்டலும் சேர்ந்தால் சுமார் 34 சதவீதம் குறைகிறது. வெறும் நடை மட்டும் என்றால்? குறைகிறது என்று உறுதியாகச் சொல்லப் போதுமான சான்று இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

அதைவிடச் சங்கடமான ஒன்று 1997லேயே வந்தது. பிரிட்டனில், கையில் எலும்பு முறிந்து தேறிய 165 பெண்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வேகமாக நடக்கச் சொன்னார்கள். நடந்த குழுவில் விழுந்தவர்கள் அதிகம்! யோசித்தால் ஆச்சரியம் இல்லை. காலில் வலுவும் நிதானமும் வராமல் வேகமாக நடந்தால், விழுவதற்கு வாய்ப்பும் கூடத்தானே செய்யும்.

அதற்காக நடக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நடை நல்லது. ஆனால் ஏற்கெனவே தடுமாறுகிற ஒருவரின் கையில் பேண்டைக் கட்டி "இன்னும் நடங்க, இன்னும் நடங்க" என்று விரட்டுவது பிரேக் பிடிக்காத சைக்கிளுக்கு ஸ்பீடோமீட்டர் மாட்டுவது போல.

டனிடினில் பேண்ட் இல்லை

அப்படியானால் வீட்டிலேயே செய்து பலன் கண்ட பயிற்சி எதுவும் இல்லையா? இருக்கிறது. நியூசிலாந்தில் டனிடின் என்ற ஊர். அங்கே ஒடாகோ பல்கலைக்கழகம். 1990களில் அங்கே ஒரு குழு வயதானவர்களுக்காக வீட்டுப் பயிற்சித் திட்டம் ஒன்றை உருவாக்கியது. ஒடாகோ திட்டம் என்றே இன்றும் அதற்குப் பெயர். முட்டியை நீட்டுவது, மடக்குவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது, கணுக்காலில் சின்ன எடையைக் கட்டிக்கொண்டு செய்வது, குதிகாலும் பெருவிரலும் ஒட்டும்படி கோட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது, நாற்காலியில் இருந்து எழுவது. வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு அரை மணி நேரம். இடைப்பட்ட நாளில் கொஞ்சம் நடை.

1997ல் வெளியான அவர்களின் முதல் சோதனையில் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்கள் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்குப் பயிற்சி. இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், முதல் இரண்டு மாதத்தில் நான்கு முறை வீட்டுக்கே வந்து அவரவர் உடம்புக்கு ஏற்றபடி சொல்லிக் கொடுத்தார். பிறகு போனில் விசாரிப்பு. ஒரு வருஷம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். பயிற்சி செய்யாத 117 பேர் மொத்தம் 152 முறை விழுந்திருந்தார்கள். செய்த 116 பேர் 88 முறை.

152க்கு 88. எண்பது வயதில்! ஆப் இல்லை, புளூடூத் இல்லை, சார்ஜர் இல்லை. ஒரு நாற்காலி, ஒரு சுவர், கணுக்காலில் கட்ட ஒரு எடை, நான்கு முறை வீடு தேடி வந்த ஒரு மனிதர்.

எதிர்க்கட்சி சொல்வதும் கேட்க வேண்டும்

பேண்ட் பக்கம் நியாயமே இல்லை என்று சொன்னால் அது பொய். 2022ல் 39 தொகுப்பாய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, இந்தக் கருவிகளைப் பயன்படுத்தியவர்கள் நாளுக்குச் சுமார் 1,800 ஸ்டெப் கூடுதலாக நடந்தது தெரிந்தது. அதற்கும் முன்னால் 2007ல், சாதாரண இடுப்பு பீடோமீட்டரை வைத்தே நல்ல பலன் காட்டினார்கள். அதில் ஒரு குறிப்பு முக்கியம்: இலக்கு வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் நடை நன்றாகக் கூடியது.

எதிர்க்கட்சியின் கையில் இருக்கும் சிறந்த சீட்டு லண்டனில் இருந்து வந்தது. பேஸ்-அப் என்ற சோதனை, 2017ல் வெளியானது. 45 முதல் 75 வயது வரை, அதிகம் நடக்காத 1,023 பேர். ஒரு குழுவுக்குத் தபாலில் ஒரு பீடோமீட்டர், ஒரு கையேடு, எழுதி வைக்க ஒரு டைரி, 12 வாரத் திட்டம். இன்னொரு குழுவுக்கு இவற்றோடு நர்ஸ் ஆலோசனையும். ஒரு வருஷம் கழித்தும் இரண்டு குழுவும் நாளுக்கு 640, 680 ஸ்டெப் அளவுக்குக் கூடுதலாக நடந்துகொண்டிருந்தன. பிறகு நான்கு வருஷ மருத்துவப் பதிவுகளைப் பார்த்தபோது, இதே குழுவினர் நடத்திய இன்னொரு சோதனையையும் சேர்த்து, நடந்தவர்களிடம் இதயப் பாதிப்பும் எலும்பு முறிவும் குறைவாக இருந்தன.

நல்ல செய்திதான். மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தபால் உறையைத் திறந்து பாருங்கள். கருவி மட்டுமா வந்தது? அவரவர் ஏற்கெனவே எவ்வளவு நடக்கிறார்களோ அதில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் திட்டம் வந்தது. பத்தாயிரம் வரவில்லை. தன் கையால் எழுத டைரி வந்தது. தன் டாக்டரின் கிளினிக்கில் இருந்து வந்தது. அதில் இருந்தது ஒரு சாதாரண பீடோமீட்டர்தான், பல ஆயிரம் ரூபாய் வாட்ச் இல்லை. அங்கேயும் கணக்குப்பிள்ளை இருந்தார், ஆனால் முதலாளியும் கடையில் இருந்தார்.

திட்டம் எதுவும் இல்லாமல் கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? சிங்கப்பூரில் 800 ஊழியர்களை வைத்து நடந்த சோதனை 2016ல் வெளிவந்தது. (அவர்கள் வேலை பார்க்கும் வயதுக்காரர்கள், முதியவர்கள் இல்லை. ஆப், இங்கிலீஷ் எல்லாம் அத்துப்படியானவர்கள்.) ஒரு குழுவுக்கு ஃபிட்பிட் மட்டும், இரண்டு குழுக்களுக்கு ஃபிட்பிட்டோடு முதல் ஆறு மாதம் பண ஊக்கமும். நடை கொஞ்சம் கூடியது. எடையிலோ இரத்த அழுத்தத்திலோ முன்னேற்றம் தெரியவில்லை. நடப்பவர் கைக்கே காசு வந்த குழுவில், காசு நின்றதும் நடையும் பழைய நிலைக்கே போனது. பன்னிரண்டாவது மாதத்தில் கருவியை இன்னும் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். முப்பது, நாற்பது வயதுக்காரர்களே டிராயரில் போட்டுவிட்டார்கள். அப்பாவின் பேண்ட் எங்கே இருக்கிறது என்று இப்போது போன் பண்ணிக் கேட்டுப் பாருங்கள் :-)

வரவு செலவு

காமர்ஸ் மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். இந்தப் பொருளுக்குத் தேய்மானம் என்ன? ஜாபோன் என்ற கம்பெனி ஒரு காலத்தில் ஃபிட்பிட்டுக்கே போட்டியாக இருந்தது. 2017ல் கலைப்புக்குப் போய்விட்டது. மைக்ரோசாப்ட் 2016ல் தன் பேண்ட் விற்பனையை நிறுத்தி, 2019 மே மாதத்தோடு அதற்கான இணைய சேவையையும் மூடிவிட்டது. ஃபிட்பிட்டை கூகுள் வாங்கி 2021 ஜனவரியில் கைக்குள் கொண்டுவந்தது. கருவியைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு அதன் ஆயுள் மீது எந்த உரிமையும் இல்லை. எங்கேயோ ஒரு போர்டு மீட்டிங்கில் முடிவெடுத்தால் அப்பாவின் மணிக்கட்டில் இருப்பது ரப்பர் வளையம் ஆகிவிடும்.

அதோடு வாய்ப்புச் செலவு என்று ஒன்று உண்டு. ஒரு ரூபாயை ஒரு இடத்தில் போட்டால் அதே ரூபாயை வேறு எங்கே போட்டிருக்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம். ஒரு நல்ல வாட்சின் விலைக்கு, ஒரு பிசியோதெரபிஸ்ட் சில முறை வீட்டுக்கு வந்து, முட்டி எப்படி இருக்கிறது, எந்தக் கால் பலவீனம் என்று பார்த்து, இன்ன பயிற்சி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக முடியும். பாத்ரூமில் ஒரு கைப்பிடி பொருத்த முடியும். இதற்கு யாரும் வாட்ஸ்அப்பில் போட்டோ போடுவதில்லை. கைப்பிடிக்கு ஊதா கலரில் ஸ்ட்ராப் வராதே!

இது காசோடு முடிவதும் இல்லை. முன்பெல்லாம் வாரக் கடைசியில் போன் வந்தால் "சாப்பிட்டாச்சாம்மா?" என்று ஆரம்பிக்கும். இப்போது ஆடிட்.

"ஏம்மா, நேத்து 1,100தான் காட்டுது?"

"நேத்து அமாவாசைப்பா. காலைலேருந்து அடுப்படியிலேயே வேலை சரியா இருந்துச்சு."

"அதெல்லாம் எக்ஸர்சைஸ் இல்லம்மா."

நாள் முழுக்க நின்று, குனிந்து, நிமிர்ந்து, வடைக்கு அரைத்து, இலை போட்டு, கூட்டிப் பெருக்கிய ஒரு பெண்ணிடம், எட்டாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்த இடத்தில் இருந்து மகன் சொல்கிறான் "அதெல்லாம் எக்ஸர்சைஸ் இல்லம்மா" என்று. பேண்ட் எண்ணாதது எதுவும் உழைப்பு இல்லை என்று ஆகிவிட்டது. இதுதான் இந்த மொத்த விவகாரத்திலும் உண்மையான அநியாயம்.

பிறகு அம்மா என்ன செய்வார்? பேரனின் கையில் கட்டி விளையாட அனுப்புவார். சீரியல் பார்த்துக்கொண்டே கையை ஆட்டுவார். மகன் சந்தோஷப்படட்டும் என்று. பொருளாதாரத்தில் குட்ஹார்ட் விதி என்று ஒன்று படித்திருப்பீர்கள், 1975ல் பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் சொன்னதில் இருந்து வந்தது. அளவுகோலையே இலக்காக்கினால், அளவுகோல் கெட்டுவிடும். பணக் கொள்கைக்குச் சொன்னது பாட்டியின் மணிக்கட்டுக்கும் பொருந்துகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆப்பில் காய்க்கும் ஸ்டெப் காலுக்கு உதவாது.

அப்படியானால் என்னதான் செய்வது?

குறை சொல்லிவிட்டு ஓடிவிடக் கூடாது. அளக்க வேண்டும் என்ற ஆசையில் தப்பு இல்லை. சரியானதை அளக்க வேண்டும்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சி.டி.சி) வீழ்ச்சித் தடுப்புக்காக டாக்டர்களுக்குக் கொடுத்திருக்கும் ஒரு சோதனை இருக்கிறது. கைப்பிடி இல்லாத, நேரான முதுகு உள்ள ஒரு நாற்காலி. அதைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம்.

65 முதல் 69 வயது வரை ஆணுக்கு 12, பெண்ணுக்கு 11. 70 முதல் 74 வரை 12, 10. 75 முதல் 79 வரை 11, 10. 80 முதல் 84 வரை 10, 9. இதற்குக் கீழே போனால் விழும் அபாயம் கூடுதல் என்று அர்த்தம். செலவு: பூஜ்யம். தேவை: ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், தடுமாறினால் பிடிக்கப் பக்கத்தில் ஒரு ஆள். அந்த ஆள்தான் முக்கியம். எந்த ஆப் ஸ்டோரிலும் அது கிடைக்காது.

கணக்கு குறைந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் தொடங்கும் இடம். ஏற்கெனவே விழுந்தவர், தலை சுற்றல் உள்ளவர், இடுப்பு, முட்டி ஆபரேஷன் செய்தவர் என்றால் சோதனைக்கு முன்பே டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர், சுகர் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு சேர்ந்தே இருந்தது. டனிடின்காரர்கள் செய்ததும் அடிப்படையில் அதுதான்: ஆளை அனுப்புவது. அரசாங்கத்திடம் கேட்பதாக இருந்தால் இலவச பேண்ட் கேட்காதீர்கள். வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவர்கள் இன்னும் அதிகம் பேர் வேண்டும் என்று கேளுங்கள். விழுந்து படுத்த பிறகு வருவதற்கு இல்லை, விழுவதற்கு முன்னால் வருவதற்கு.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. ஆப்பைத் திறந்து எண்ணைப் பார்ப்பதற்குப் பதிலாக, வாரத்தில் மூன்று நாள் வீடியோ கால் போட்டு, "வாங்கப்பா, சேர்ந்து செய்யலாம்" என்று இருபது நிமிஷம் கூடவே எழுந்து உட்காரலாம். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்தத் தொடைகளுக்கும் அது தேவைதான்.

ஏற்கெனவே பேண்ட் வாங்கிக் கட்டியாயிற்றா? தூக்கிப் போட வேண்டாம். பத்தாயிரத்தை அழித்துவிடுங்கள். ஒரு வாரம் எந்த இலக்கும் வைக்காமல் சும்மா கட்டச் சொல்லி, அவர் இயல்பாக எவ்வளவு நடக்கிறார் என்று பாருங்கள். அதற்கு மேல் ஐந்நூறு சேர்த்தால் போதும், அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். திடீரென்று எண் பாதியாகக் குறைந்தால் அது திட்டுவதற்கான சமாச்சாரம் இல்லை. உடம்பு சரியில்லையா, கால் வலியா, மனசு சரியில்லையா என்று கேட்பதற்கான சமாச்சாரம். கணக்குப்பிள்ளையின் உண்மையான உபயோகம் அதுதான், கடையில் ஏதோ சரியில்லை என்று முதலாளிக்கு எச்சரிக்கை கொடுப்பது. முதலாளி வந்து பார்த்தால்தான் அந்த எச்சரிக்கைக்கு மதிப்பு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம், அவர் சாய்ந்துகொள்ளும் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, பக்கத்தில் நின்றுகொண்டு, 30 விநாடி எண்ணிப் பாருங்கள். வந்த எண்ணைத் தினசரி காலண்டரில் பேனாவால் எழுதி வையுங்கள். மறுநாளில் இருந்து தினமும் கூட நின்று ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள். ஒன்று கூடியிருந்தால்கூட, அது அவர் காலில் ஏறிய எண்.